மாரண்டஹள்ளி பஸ்ஸில் ஓர் ஏலம்

குழந்தைகளின் பதற்றத்துக்குச் சிகிச்சை தரும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் வாந்தியைப் பற்றிச் சொல்லப்போகிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் தட்டைத் தள்ளி வைத்துக்கொள்ளலாம். தள்ளி வைக்காமல் தொடர்ந்து சாப்பிட்டால் இன்னும் நல்லது. நான் சொல்லப்போகும் வீட்டில் நாங்கள் செய்த சிகிச்சையே ஏறக்குறைய அதுதான்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் சில ஆண்டுகள் நான் ஒரு நாளிதழில் நிருபராக இருந்தேன். எதை எழுதிக் கொடுத்தாலும் செய்தி ஆசிரியர் ஒரே கேள்விதான் கேட்பார்: "நீ பார்த்தியா, யாராவது சொன்னாங்களா?" ஆலோசனை அறையிலும் அந்தக் கேள்வியை விடாமல் வைத்துக்கொண்டேன். கீழே வருவதில் பெரும்பகுதி நான் பார்த்தது. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, மாரண்டஹள்ளிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தர்ஷினி என்ற ஒன்பதாம் வகுப்புப் பெண்ணை தர்மபுரியில் இருந்த என் அறைக்கு அழைத்து வந்தார்கள். பதினான்கு வயது. பாலக்கோட்டில் படித்தாள். அங்கே போக பஸ்தான். எட்டாம் வகுப்பு முடியும் சமயத்தில் ஒருநாள் பஸ்ஸில் வாந்தி எடுத்துவிட்டாள். பின்சீட்டுப் பையன்கள் 'வாந்தி எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகு பஸ் ஏறும் முன்பே வயிறு புரண்டது. பிறகு பஸ் நிறுத்தத்தைப் பார்த்தாலே புரண்டது. பிறகு யூனிஃபார்மை இஸ்திரி போடும் வாசனைக்கே புரண்டது. கடைசியில் பள்ளிக்குப் போவதே நின்றுபோனது.

பயம் ஒருவருக்கு, ஆனால் அதற்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தது வீடு முழுக்க. அந்த வீட்டில் 'வாந்தி' என்ற சொல்லை யாரும் சொல்வதில்லை. 'அது' என்பார்கள். யாருக்காவது இருமல் வந்தால் எழுந்து மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய் இருமிவிட்டு வரவேண்டும். டிவியில் வயிற்று மருந்து விளம்பரம் வந்தால் சத்தத்தை அணைக்க ஓர் ஆள் தயாராக உட்கார்ந்திருப்பார். அதே வீட்டில் வாழ்ந்த சித்தி, சித்தப்பாவின் மனைவி, மசக்கையாக இருந்ததால், வழக்கத்துக்கு மாறாக மூன்றாம் மாதத்திலேயே அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சம்பந்தி வீட்டார் இது என்ன புது முறை என்று குழம்பிப்போனதாகக் கேள்வி. இது மட்டும் யாரோ சொன்னது, நான் பார்க்கவில்லை.

இத்தனைக்கும் மேல் ஒரு கேள்வி இருந்தது. தர்ஷினி நாளெல்லாம் கேட்பாள்: "அது வராதுல்ல?" உடனே எல்லோரும் ஒரே குரலில் சொல்லவேண்டும்: "வராது கண்ணு, வரவே வராது." அந்தப் பதில் கொஞ்ச நேரம் தாங்கும். பிறகு மறுபடி கேட்பாள்.

சிரிக்க நிறைய இருக்கிறது, சிரிப்போம். அதற்கு முன் ஒரு விஷயம். அரைப் பரீட்சை விடுமுறைக்குப் பிறகாவது வகுப்புக்கு வரவேண்டும், இல்லையென்றால் பெயரை எடுக்கவேண்டி வரும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். பள்ளிக்குப் போகாமல் பெண் வீட்டில் இருந்தால் அடுத்து என்ன பேச்சு வரும் என்பது இந்த மாவட்டத்தில் வேலை செய்யும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தர்ஷினியின் அத்தை, அப்பாவின் அக்கா லட்சுமி, அந்தப் பேச்சை ஏற்கெனவே ஆரம்பித்திருந்தார். ஓசூர்ப் பக்கம் ஒரு குடும்பம், நல்ல இடம், சும்மா பார்த்துவிட்டுப் போகட்டும் என்றார். நாளிதழில் இருந்தபோது இப்படி முடிந்த கதைகளை இரண்டு பத்தியில் எழுதியிருக்கிறேன். முதல் பத்தியில் பெண்ணின் வயது வரும். இரண்டாவதில் அதிகாரிகள் வருவார்கள். அவள் பள்ளியை எதனால் விட்டாள் என்று எழுத இடம் இருக்காது.

"யாராவது பொண்ணு பார்க்கன்னு வாசப்படி ஏறினாங்கன்னா, நான் போன் எடுத்துச் சொல்லவேண்டிய இடத்துல சொல்லிடுவேன்" என்று முதல் நாளே அத்தையிடம் சொன்னேன்.

"நீங்க எதுக்குங்க மேடம் கோவப்படறீங்க? பள்ளிக்கூடம் போனா நான் ஏன் இதெல்லாம் பேசப்போறேன்? வூட்லயே குந்திக்கிட்டிருந்தா வேற என்னா பண்றதுங்க?" என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே வேறு வழி தெரியவில்லை.

இப்போது அப்பாவுக்கு வருகிறேன். மாதேஷ், தக்காளி மண்டியில் ஏலம் விடுகிறவர். விடியற்காலையில் பெட்டிகள் வந்து இறங்கியதும் மேலே ஏறி நின்று விலை கூவுவதுதான் அவர் தொழில். அவர் மெதுவாகப் பேசினாலே பக்கத்து அறையில் எழுந்து நிற்பார்கள். யார் வாயிலிருந்து எந்த எண் வந்தாலும் அவருடைய புருவம் தானாக உயரும். இது முதல் சந்திப்பிலேயே என் தொழிலுடன் மோதியது.

நம் வழக்கப்படி தர்ஷினியிடம் கேட்டேன்: "பஸ்ஸுல உட்கார்ந்திருக்கிற மாதிரி நினைச்சுக்கோ. பயம் பத்துக்கு எவ்வளவு?"

"எட்டு."

அப்பா முன்னால் குனிந்தார். "எட்டு எதுக்கு கண்ணு? ஆறு வெச்சுக்கலாமே."

"எட்டுப்பா."

"சரி, உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம். ஏழு."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "சரி. ஏழு."

அவர் என் பக்கம் திரும்பி, வேலை முடிந்த திருப்தியுடன் சொன்னார்: "ஏழுங்க மேடம். முடிஞ்சுது."

அடுத்த வாரம் அதே கேள்விக்கு அவள் ஐந்து என்றாள். அதற்கடுத்த வாரம் மூன்று. பஸ் நிறுத்தத்தின் பக்கம் அவள் இன்னும் எட்டிக்கூடப் பார்த்திருக்கவில்லை. வீட்டில் என்ன நடக்கிறது என்று விசாரித்தேன். தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அப்பா அவளுடன் உட்கார்ந்து பேரம் பேசி எண்ணை இறக்கிக்கொண்டிருந்தார். "ரெண்டு நாளைக்கு ஒருக்கா அரை அரையா எறக்கிட்டு வர்றேங்க" என்றார் பெருமையாக.

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் இறங்கினால் நமக்குச் சந்தோஷமாக இருக்கும். பெற்றவர்களுக்கு இன்னும் சந்தோஷம். அது நன்றாகத் தெரிவதால்தான் குழந்தை எண்ணைக் குறைத்துச் சொல்கிறது. தர்ஷினி அப்பாவுக்குச் செய்தது ஓர் உபகாரம். அவளுடைய பயம் எட்டிலேயே உட்கார்ந்திருந்தது.

நான் இரண்டு சட்டங்கள் போட்டேன். ஒன்று, எண்ணை யாரும் இறக்கக் கூடாது. இரண்டு, "வராதுல்ல?" என்று அவள் கேட்டால் இனி யாரும் "வராது" என்று சொல்லக் கூடாது. "வந்தாலும் வரும்" என்று மட்டும் சொல்லவேண்டும். வராது என்று நாம் ஒவ்வொரு முறை சத்தியம் செய்யும்போதும், வந்தால் உலகமே முடிந்துபோகும் என்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். வந்தால் வரட்டும், துடைத்துக்கொள்ளலாம் என்ற இடத்துக்கு அவள் போகவேண்டும்.

அத்தைதான் முதலில் வாயைத் திறந்தார்.

"நல்ல வாயால அப்டிச் சொல்லலாங்களா?"

நம் ஊரில் வெளியே கிளம்புகிறவரிடம் "எங்கே போறே" என்றுகூடக் கேட்பதில்லை. "போறேன்" என்று சொல்லாமல் "போய்ட்டு வர்றேன்" என்று சொல்லிப் பழகிய வாய்கள் நம்முடையவை. அப்படிப்பட்டவர்களிடம், பெற்ற பிள்ளை பஸ் ஏறும் நேரத்தில் வாந்தி வரும் என்று சொல்லச் சொல்கிறேன். பாடப்புத்தகத்தில் இந்த இடம் வராது.

அத்தை ஒரு சமரசத்துக்கு வந்தார். சொல்வார், ஆனால் சொன்ன உடனே இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொள்வார். அடுத்த வாரம் வீட்டுக்குப் போனபோது அதைப் பார்த்தேன்.

"அத்த, அது வராதுல்ல?"

"வந்தாலும் வரும்டி தாயி." பட், பட். "முனியப்பா, மன்னிச்சுக்கோ."

தர்ஷினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி கேட்டாள். மறுபடி பட், பட். பயத்துக்காகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை அவள் இப்போது அத்தை கன்னத்தில் போட்டுக்கொள்வதைப் பார்க்கக் கேட்டாள். அத்தைக்குக் கன்னம் சிவந்ததும், "போடி, வந்தா எடுத்துத் தொலை!" என்று கத்திவிட்டு அடுப்படிக்குப் போனார். நான் இருபது பக்கம் விளக்கியிருந்தாலும் இவ்வளவு சரியாக வந்திருக்காது.

பிறகு படிப்படியாக ஏறினோம். முதலில் 'வாந்தி' என்ற சொல்லையே சொன்னோம். அப்புறம் எழுதினோம். அப்புறம் அதைப் பாட்டு மெட்டில் பாடினோம். அடுத்த படிக்குப் போலி வாந்தி தேவைப்பட்டது. அவள் அதைப் பார்க்கவேண்டும், பக்கத்தில் உட்காரவேண்டும். கொஞ்சம் கஞ்சி கலந்து வையுங்கள் என்று அம்மா சுமதியிடம் சொல்லியிருந்தேன்.

சுமதி எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. கேழ்வரகுக் களியைக் கரைத்து, முந்தைய நாள் தக்காளி ரசத்தைச் சேர்த்து, மேலே பருப்பு தூவி, வாசலில் பேப்பர் விரித்து ஊற்றி வைத்திருந்தார். என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. தர்ஷினி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எண் கேட்டேன். "ஒன்பது" என்றாள். அப்பாவின் வாய் திறந்தது. அவர் அதைச் சிரமப்பட்டு மூடினார்.

அந்த நேரத்தில் அத்தை குனிந்து ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பு பத்தல சுமதி."

"அது திங்கறதுக்கு இல்லீங்க அண்ணி!"

"திங்கறதுக்கு இல்லன்னாலும் உப்பு உப்புதானே?"

நாங்கள் எல்லோரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். தர்ஷினி சிரித்துச் சிரித்து அந்தப் பேப்பருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவளுக்குச் சற்று நேரம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்தும் எழுந்துகொள்ளவில்லை. வீட்டு நாய் வந்து முழுவதையும் நக்கி முடிக்கும்வரை அங்கேயே இருந்தாள்.

விடுமுறை முடிந்தது. பள்ளி திறக்கும் நாள் பஸ் ஏறுவதாக முடிவு. அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஓசூர்க்காரர்களைப் பெண் பார்க்க வரச்சொல்லி அத்தை ஏற்பாடு செய்திருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என் முகத்தில் அது தெரிந்திருக்கும். தர்ஷினி முகங்களைப் படிப்பதில் கெட்டிக்காரி.

கூட யார் போவது என்று பேச்சு வந்தபோது அப்பா தானே வருவதாகச் சொன்னார். மண்டி வேலை முடித்து நேராக வந்துவிட்டார். தொண்டை கட்டியிருந்தது. விடியற்காலையிலிருந்து வெறும் டீயில் கத்திவிட்டு வந்திருக்கிறார். அவர் பஸ் ஏறி வருடக்கணக்காகிறது, எங்கே போனாலும் மண்டி பிக்கப் வண்டிதான் என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

பஸ்ஸில் கூட்டம் மிதமாக இருந்தது. தர்ஷினி ஜன்னலோரம், அப்பா பக்கத்தில், நான் அவர்களுக்கு நேர் பின்சீட்டில். சுமதி கொடுத்தனுப்பிய எலுமிச்சம்பழத்தையும் புளிப்பு மிட்டாயையும், அவை இல்லாமலே அவள் போய்ப் பழகவேண்டும் என்று, பஸ் ஏறும் முன்பே அவளிடமிருந்து வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். ஒரு பிளாஸ்டிக் கவர் மட்டும் அப்பாவின் சட்டைப்பையில் இருந்தது. அதை விட்டுவைத்தேன்.

பஸ் நகர்ந்ததும் அவள் கேட்டாள். "வராதுல்லப்பா?"

அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "வந்தாலும் வரும் கண்ணு."

அவள் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். முதல் வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டது.

"எவ்வளவு?" என்றேன்.

"ஏழு."

மாதேஷுக்கு இறக்கக் கூடாது என்று தெரியும். வாரக்கணக்கில் வாயைக் கட்டியிருந்தார். ஆனால் எண்ணைக் கேட்டால் அந்த வாய் ஏதாவது செய்தாகவேண்டும். இறக்க வழியில்லாமல் அது பழக்கப்பட்ட மறுதிசையில் திறந்துகொண்டது.

"ஏழு ஒரு தரம்!"

பஸ் முழுவதும் திரும்பியது. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

"அப்பா! மானம் போவுதுப்பா!" தர்ஷினி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். பிறகு, இன்னும் சின்னக் குரலில், "எட்டு."

"எட்டு ஒரு தரம்! எட்டு ரெண்டு தரம்! எட்டுக்கு மேல யாரு?"

இந்த இடத்தில் நான் என்ன செய்யவேண்டும்? உங்களைக் கேட்கிறேன். கேலிப்பெயர் வைத்ததால் பள்ளியை விட்ட பெண் அவள். இங்கே அவளுடைய அப்பாவே ஒரு பஸ் கூட்டத்துக்கு முன்னால் அவள் பயத்தைக் கூவி விற்கிறார். நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு எல்லா நியாயமும் இருந்தது. கையை அவர் தோள்வரை கொண்டுபோய்விட்டேன். அப்போது தர்ஷினியின் கைகளைப் பார்த்தேன். ஒரு கை கம்பியை விட்டிருந்தது. முகத்தை மட்டும் பார்த்திருந்தால், அவமானத்தில் குறுகிப்போயிருக்கிறாள் என்று எழுதியிருப்பேன். அந்தக் கை வேறு செய்தி சொன்னது. நான் என் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

அதற்குள் நின்றுகொண்டிருந்த ஒரு கல்லூரி மாணவன் கேட்டான்: "எதுக்குங்கண்ணா ஏலம்?"

"பயத்துக்குப்பா! எம் பொண்ணுக்கு பஸ்ஸுன்னா பயம். எட்டுல நிக்குது."

"எட்டெல்லாம் ஒரு பயமாண்ணா? எனக்கு இன்னைக்கு அரியர் ரிசல்ட்டு. எட்டரை!"

"எட்டரை ஒரு தரம்!"

கீரைக்கூடையை மடியில் வைத்திருந்த ஓர் அம்மா கையை உயர்த்தினார். "ஒம்போது! நான் மாமியா வூட்டுக்குப் போறேங்க, அந்தம்மா நகைய வேற நான் அடகு வெச்சிட்டேங்க!"

"ஒம்போது ஒரு தரம், ஒம்போது ரெண்டு தரம்!"

தர்ஷினி எழுந்து நின்றுவிட்டாள். ஓடும் பஸ்ஸில், கம்பியை விட்டுவிட்டு. "அவங்க எப்டிப்பா கேக்கறாங்க? இது என்னோட ஏலம்! ஒம்பதரை!"

"சொந்தக்காரி ஒம்பதரை! மேல யாரு?"

"பத்து!" என்றான் மாணவன்.

"பன்னெண்டு!" என்று கத்தினாள் தர்ஷினி.

கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "பத்துக்கு மேல போனா லக்கேஜ் போடுவேன், பாத்துக்கோங்க."

பஸ் சிரித்தது. தர்ஷினியும் சிரித்தாள். மூக்கில் வியர்வையும் கண்ணில் தண்ணீரும் இருந்தன. இதற்குள் இன்னும் இரண்டு வேகத்தடைகளைத் தாண்டியிருந்தோம். அவள் கவனிக்கவில்லை. "பன்னெண்டு மூணு தரம்!" என்று மாதேஷ் முடித்து, அவளுக்கே கொடுத்து, உட்கார வைத்தார்.

பயத்தை இறக்கப் பார்த்தபோதெல்லாம் அது அடம்பிடித்து உட்கார்ந்திருந்தது. ஏறு, இன்னும் ஏறு என்று கூவியதும் அதற்குப் போக இடமில்லாமல் போய்விட்டது. நம் துறையில் இதற்கு ஒரு பெயர் உண்டு, நீங்கள் பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள். தக்காளி மண்டியிலிருந்து ஓர் ஆள் அதைத் தெரியாத்தனமாகச் செய்துவிட்டார். தெரியாத்தனமாகத்தான் செய்தார் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். இதைப் படித்துவிட்டு நாளைக்கே உங்கள் குழந்தைகளைப் பஸ்ஸில் ஏலம் விடாதீர்கள். வாரக்கணக்கில் அந்த வீட்டில் வாந்தியைப் பாடியும் நக்கவிட்டும் சிரித்திருக்காவிட்டால், அன்று அவள் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி ஓடியிருப்பாள்.

"இப்ப எவ்வளவு?" என்றேன்.

அவள் யோசித்தாள். "தெரியல மேடம். நாலு இருக்கும்."

"நாலா?" என்று அப்பா பதறினார். "பன்னெண்டுக்கு எடுத்துட்டு நாலுன்றியே கண்ணு, ஏலத்துல எறங்கக் கூடாது!"

அந்தப் பயணத்தில் அவர் கடைசியாக உரக்கப் பேசியது அதுதான். ஏரிக்கரை வளைவுகள் ஆரம்பித்தன. மாதேஷ் மௌனமானார். அவர் மௌனமாக இருந்து நான் பார்த்ததில்லை என்பதால் எட்டிப் பார்த்தேன். முகம் பழுக்காத தக்காளி நிறத்தில் இருந்தது. மேலுதட்டில் வியர்வை. கை சட்டைப்பையில் எதையோ தேடியது.

அடுத்து நடக்கப்போவது எனக்குத் தெரிந்துவிட்டது. உலகத்திலேயே அந்தப் பெண் மிகவும் பயந்த விஷயம், அவளுக்கு ஒரு முழம் தள்ளி, அவளுடைய அப்பாவிடமிருந்து வரப்போகிறது. என் கை அவள் கண்ணை மறைக்கத் தானாகப் போனது. ஒரு தாய்க்கோழி எனக்குள்ளும் உண்டு. பாதியில் அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன். மறைத்திருந்தால், பார்க்கக் கூடாதது ஒன்று நடக்கிறது என்று நானே அவளுக்குச் சொல்லியிருப்பேன்.

மாதேஷ் கவரைப் பிரித்தார். அவளுக்காகக் கொண்டுவந்த கவர். அதில், மண்டியில் விலை கூவும் அதே முழுக் குரலில், வாந்தி எடுத்தார்.

தர்ஷினி ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள். தன் வாயைப் பொத்தினாள். நான் எண் கேட்கவில்லை. கேட்கக் கூடாத நேரங்கள் உண்டு.

அப்பா இரண்டாவது முறை குமட்டினார். தலை முன்சீட்டுக் கம்பியில் இடிக்கப் போனது. அவள் வாயிலிருந்து கையை எடுத்து அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள். முகத்தைச் சுளித்தபடி, ஆனால் விடாமல். கீரைக்கூடை அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். தர்ஷினி வாங்கிக் கொடுத்தாள். கவரின் வாயைத் தன் கையாலேயே முடிச்சுப் போட்டாள்.

மாதேஷ் வாயைத் துடைத்துக்கொண்டு, எந்தப் பெரிய ஆளிடமும் நான் கேட்டிராத சின்னக் குரலில் கேட்டார்: "இன்னொரு வாட்டி வராதுல்ல கண்ணு?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் ஒரு குறும்பு ஏறியது.

"வந்தாலும் வரும்ப்பா."

பாலக்கோட்டில் இறங்கினோம். கவரை எங்கே போடுவது என்று தேடி, போட்டு, கையைக் கழுவிவிட்டுப் பள்ளிக்குள் போனாள். வாசலில் ஒரு பெண் அவளைப் பார்த்து, "ஏய், வந்துட்டியா!" என்று கத்தினாள். தர்ஷினி அவளிடம் முதலில் சொன்னது, "எங்கப்பா இன்னைக்கு பஸ்ஸுல வாந்தி எடுத்தாருடி." அந்தச் சொல்லை இவ்வளவு சந்தோஷமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் செய்தி ஆசிரியர் அடித்துவிடுவார். அதற்குப் பிறகும் அவள் போகாத நாட்கள் இருந்தன. பாதியில் இறங்கி அழுத நாள் ஒன்று உண்டு. முழுப் பரீட்சை வரும்வரை நாங்கள் அதில் வேலை செய்தோம். ஆனால் பள்ளிக்காரர்கள் பெயரை எடுக்கவில்லை. உங்களிடம் நான் சொல்ல விரும்புவது அந்த முதல் நாள் மாலையைப் பற்றித்தான். எல்லாவற்றையும் யோசித்த நாங்கள் ஒன்றை யோசிக்காமல் விட்டிருந்தோம்.

திரும்பி வருவது எப்படி என்று யாரும் திட்டம் போடவில்லை. அவளை வண்டியில் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். அவளிடம் கேட்கவில்லை. மாதேஷ் இனி ஜென்மத்துக்கும் பஸ் ஏறமாட்டேன் என்று சொல்லி, காலையில் ஊருக்குத் திரும்பவே மண்டி பிக்கப்பை வரவழைத்திருந்தார். மாலை அவளைக் கூட்டிவர ஊரிலிருந்து அதே வண்டியில் கிளம்பினோம். அவர் ஓட்டினார். சுமதியும் நானும் முன்னால். பின்னால், காலித் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில், கம்பியைப் பிடித்தபடி அத்தை நின்றார். வரவேண்டாம் என்றால் கேட்கவில்லை.

ஏரிக்கரையில் எதிரே பஸ் வந்தது. கடந்து போனது.

"தர்ஷினி!" என்று அத்தை பின்னாலிருந்து அலறினார். "டேய் மாதேசு, நம்ம தர்ஷினிடா! பஸ்ஸுல போறாடா! திருப்புடா வண்டிய!"

மாதேஷ் கரையிலேயே வண்டியைத் திருப்பினார். எப்படித் திருப்பினார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பஸ்ஸுக்குப் பின்னால் போனோம். எதற்காகத் துரத்துகிறோம் என்று யாருக்கும் தெரியவில்லை, நிறுத்தவும் தோன்றவில்லை. நான் எவ்வளவு முதிர்ச்சியுள்ள ஆலோசகர் என்பது உங்களுக்குத் தெரியும். "இன்னும் கொஞ்சம் வேகமா போங்க" என்றேன்.

எங்களுக்கு முன்னால் பஸ்ஸின் பின்பக்கம்தான் தெரிந்தது. நின்றுகொண்டிருந்த அத்தைக்கு எல்லாம் தெரிந்தது. கூரையைத் தட்டித் தட்டி எங்களுக்குச் செய்தி சொல்லிக்கொண்டே வந்தார்.

"கடேசி சீட்டுல குந்தியிருக்கா! கூட ரெண்டு புள்ளைங்க! சிரிக்கிறா! ஏ சுமதி, திங்கறாடி! என்னமோ திங்கறா! மாங்கா! மாங்காக் கீத்து!"

பயணம் என்றால் முந்தைய இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத பெண். சுமதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சொல்ல முடியவில்லை. இரண்டும் என்று எழுதிக்கொள்ளலாம்.

பின்னால் அத்தையின் குரல் மாறியது. போனில் பேசினார். காற்றுக்கு எதிராகக் கத்தவேண்டியிருந்தது.

"ஹலோ! நான்தாங்க, லட்சுமி! வெள்ளிக்கெழம வராதீங்க! கேக்குதா? வராதீங்கன்றேன்! பொண்ணு பஸ்ஸுல போறா! எங்கயா? பள்ளிக்கூடத்துக்குத்தாங்க! இல்லீங்க, இப்ப திரும்பி வர்றா! நாளைக்கு மறுபடி போவா! உங்களுக்கு வேற எடம் பாத்துக்கோங்க! வெச்சிடறேன், நான் தக்காளி வண்டில நின்னுக்கிட்டிருக்கேன்!"

வெள்ளிக்கிழமையைப் பற்றி எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கோபப்படலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அதற்குள் பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்றது. நாங்களும் பின்னால், சற்றுப் பக்கவாட்டில் ஒட்டி நின்றோம். இப்போது எனக்கும் தெரிந்தது. கடைசி ஜன்னலில் தர்ஷினி. கையில் பேப்பர் பொட்டலம். மாங்காய்க் கீற்றில் மிளகாய்ப்பொடி சிவப்பாக ஒட்டியிருந்தது. வேகத்தடைகள் உள்ள சாலையில், ஓடும் பஸ்ஸில், அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டே வந்திருக்கிறாள்.

மாதேஷின் வாய் திறந்தது. "திங்காத கண்ணு, வந்துடும்" என்று கத்தப்போகிறார் என்று எனக்கும் சுமதிக்கும் தெரியும். நாங்கள் அவரையே பார்த்தோம். அவர் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்தார். கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். வாயை மூடிக்கொண்டு, நீளமாக ஹாரன் அடித்தார்.

தர்ஷினி திரும்பி எங்களைப் பார்த்தாள். பெட்டிகளுக்கு நடுவில் நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்த அத்தையைப் பார்த்தாள். ஒரு கீற்றை எடுத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டி, வேணுமா என்று அப்பாவைப் பார்த்து ஆட்டினாள்.

மாதேஷ் வேண்டாம் என்று வேகமாகத் தலையாட்டினார். அவருக்கு இன்னும் வயிறு சரியாகவில்லை.